பணித்தளத்துக்குப் போகுமுன் அடுப்படிக்கு வாருங்கள்

மிஷனரி பயிற்சி என்றால் வேதபாடம் இருக்கும், மொழி வகுப்பு இருக்கும், பிற பண்பாடுகளைப் புரிந்துகொள்ள ஒரு பாடம் இருக்கும், முதலுதவியும் இருக்கும். சமையலுக்கு ஒரு மதிய வேளை ஒதுக்குவார்கள். அதுவும் வேறு வகுப்பு எதுவும் குறுக்கே வராவிட்டால்தான். "போகிற இடத்தில் ஏதாவது கிடைக்கும், பார்த்துக்கொள்ளலாம்" என்பது பலருடைய நினைப்பு.

கிடைக்கும், சரி. கிடைத்ததை என்ன செய்வீர்கள்?

ஊட்டச்சத்து நிபுணராக, பணித்தளத்துக்குப் புறப்படத் தயாராகிறவர்களுக்குச் சமையல் சொல்லித்தருவது என் வேலையின் ஒரு பகுதி. வகுப்புக்கு வருகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் "சமைக்கத் தெரியும்" என்றே சொல்வார்கள். கொஞ்சம் துருவினால் விஷயம் வெளியே வரும். பாக்கெட்டைப் பிரித்து வெந்நீரில் போடத் தெரியும், கடையில் வாங்கிய கலவைப் பொடியைத் தூவத் தெரியும், பதப்படுத்திய இறைச்சியைச் சூடாக்கத் தெரியும். அந்த பாக்கெட் கிடைக்காத ஊரில் அவர்களுடைய சமையல் அன்றோடு முடிந்தது. பிறகு பிஸ்கட்டும் இன்ஸ்டன்ட் நூடுல்ஸும்தான். அப்படியே சில மாதம் ஓடினால் உடம்பு தளரும், எரிச்சல் வரும், மொழி படிக்க மனசு வராது. இதை ஆவிக்குரிய சோர்வு என்று நினைத்து ஜெபக்குறிப்பில் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெபம் பண்ணட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே கொஞ்சம் பயறும் வேகவைக்கலாமே.

அதனால் நான் ரெசிபியிலிருந்து தொடங்குவதில்லை. நமக்குத் தெரிந்த ரெசிபியில் இருக்கிற பொருள்களில் பாதி அங்கே இருக்காது. முதல் வகுப்பில் ஆளுக்கொரு ரெடிமேட் பாக்கெட்டைக் கொடுத்து, பின்னால் இருக்கிற பொருள் பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். மாவுச்சத்து, உப்பு, கொழுப்பு, ஏதோ ஒரு புளிப்பு, கொஞ்சம் மசாலா. எந்த பாக்கெட்டைப் பிரித்தாலும் ஏறக்குறைய இதுதான். இதைப் பார்த்த பிறகு, சூப் பவுடர் இல்லாமல் சூப் கெட்டியாவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

பேக்கிங் பவுடர் நல்ல உதாரணம். ஒரு பங்கு சமையல் சோடா, இரண்டு பங்கு கிரீம் ஆஃப் டார்ட்டர் என்கிற புளிப்புப் பொடி, அவ்வளவுதான். கிரீம் ஆஃப் டார்ட்டரும் கிடைக்காத இடத்தில் புளித்த மோரோ எலுமிச்சைச் சாறோ அதன் வேலையைச் செய்யும். கால் டீஸ்பூன் சோடாவும் அரை கப் புளித்த மோரும் சேர்ந்தால் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குச் சமம். ரெசிபியில் உள்ள தண்ணீரில் அந்த அரை கப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சோடாவும் புளிப்பும் சேர்ந்தால் வாயு வரும், மாவு உப்பும் என்பது புரிந்துவிட்டால் எந்த நாட்டுக் கடையிலும் அதற்கு மாற்று தேடலாம்.

அதிக நேரம் எடுப்பது பயறு வகைகளுக்குத்தான். உலகில் எங்கே போனாலும் ஏதாவது ஒரு காய்ந்த பயறு கிடைக்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம், மாதக்கணக்கில் கெடாது, புரதம் இருக்கிறது. ஆனால் சிவப்பு ராஜ்மாவில் ஒரு வில்லங்கம் உண்டு. அதில் இயற்கையாகவே லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. வேகாத பயறு நாலைந்து தின்றாலே கடுமையான வாந்தி வரக்கூடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். குறைந்தது 10 நிமிடம், 30 நிமிடம் என்றால் இன்னும் நிம்மதி. அதற்குப் பிறகுதான் சிறு தீயில் மிருதுவாகும்வரை வேகவைப்பது. கொதிக்கவிடாமல் மந்தமான சூட்டிலேயே வைத்திருந்தால் நச்சு போகாது. 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நின்றுவிட்ட பயறு, வேகவைக்காத பயற்றைவிடவும் ஆபத்தாகலாம். விறகை மிச்சம் பிடிக்கலாம் என்று தணலில் இரவு முழுக்க வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மலைப்பகுதிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், 3,000 மீட்டரில் சுமார் 90. கொதிக்கிறது, ஆனால் வேகவில்லை. பயறு மணிக்கணக்கில் கல்லு மாதிரி கிடக்கும், எரிபொருள்தான் தீரும். அங்கே பிரஷர் குக்கர் அத்தியாவசியம். இன்னொன்று, தக்காளி, எலுமிச்சை, வினிகர் மாதிரி புளிப்பு எதையும் பயறு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு பயற்றை மசியவிடாது. சீக்கிரம் வேகட்டும் என்று சோடா போடுகிறவர்கள் உண்டு. வேகும், ஆனால் தயாமின் என்கிற பி1 வைட்டமின் அழியும். நான் போடச் சொல்வதில்லை.

சோறு விஷயத்தில் எல்லோரும் அசட்டையாக இருப்பார்கள், இறைச்சிக்குத்தான் பயப்படுவார்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிக்கும். வெந்த சோறு வெதுவெதுப்பாக வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சமைத்த உணவு அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, சூடு 32 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஒரு மணி நேரம்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இதற்கு ஒரே வழி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் சமைப்பது. கேட்க எளிது. பழக்கம் வரச் சில வாரம் ஆகும், ஏனென்றால் நம் கை எப்போதும் அதிகமாகவே அளக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் ஆண்டுக்கு சுமார் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். அந்த நிறுவனமே சொல்கிற ஐந்து விதிகள் போதும்: சுத்தம், பச்சை உணவையும் சமைத்ததையும் சேர்க்காமல் வைத்தல், முழுதாக வேகவைத்தல், சரியான சூட்டில் அல்லது குளிரில் வைத்திருத்தல், பாதுகாப்பான தண்ணீரும் பொருளும். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் வேண்டாம், எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும். கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துச் சமைக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

அடுத்தது, நான் ரசித்துச் சொல்லித்தருகிற பகுதி. சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் அடுப்படியில் மாணவராக உட்கார வேண்டும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் பூர்வகுடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவிய பிறகே அரைத்தார்கள். ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்தில் இருக்கிற நியாசின் என்கிற பி3 வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அந்தச் சுண்ணாம்பு வேலை தேவை. விளைவு, மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடம் பெல்லக்ரா நோய் பரவியது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், கடைசியில் மரணம். 1735-இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். 1914-இல் தொடங்கி அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பெர்கர் இது தொற்று அல்ல, உணவுக் குறை என்று காட்டினார். நியாசின்தான் மருந்து என்பது தெளிவாக 1937 ஆகிவிட்டது. பூர்வகுடிப் பெண்களின் சமையல் முறையை யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்!

மரவள்ளிக்கிழங்கும் அப்படித்தான். கசப்பு வகைகளில் சயனைடைத் தரும் பொருள் அதிகம். அதைத் தோல் சீவி, நாள்கணக்கில் ஊறவைத்து, புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து உண்கிற ஊர்கள் உண்டு. பசியின் அவசரத்தில் அந்தப் படிகளைச் சுருக்கினால் கொன்சோ என்ற நோய் வரும், கால்கள் திடீரென்று செயலிழந்து திரும்பச் சரியாகாது. 1981-இல் வறட்சி வந்தபோது மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் பல குடும்பங்களில் இது நடந்தது. எனவே புது ஊரில் ஒரு கிழங்கோ கீரையோ வாங்கினால் அதை விற்கிற அம்மாவிடமே "இதை எப்படிச் சமைப்பீர்கள்?" என்று கேளுங்கள். "ரொம்ப நேரம் எடுக்கும்" என்று அவர் சொன்னால் அதில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காதீர்கள். மொழி கற்கவும் இதைவிட நல்ல வகுப்பு இல்லை. ஊற, வேக, வடிகட்ட, புளிக்க என்று வினைச்சொற்கள் வரிசையாகக் கிடைக்கும்.

பயிற்சியின் பின்பாதியில் வசதிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்வேன். முதலில் அளவுக் கோப்பை, பிறகு ஃபிரிட்ஜ், பிறகு மிக்ஸி, கடைசியில் கேஸ். ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு கத்தி, இவற்றை வைத்து நாலு பேருக்கு உணவு. தீய்ந்துபோனாலும் அதையே சாப்பிட வேண்டும் என்பது விதி. இதில் முறைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். "அக்கா, கல்யாணம் ஆகித்தான் போகிறேன்" என்று ஒரு தம்பி சொன்னார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவருடைய வருங்கால மனைவியும் அதே பணித்தளத்துக்கு, அதே அழைப்போடு போகிறவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெங்காயக் கூடையை மட்டும் தம்பி பக்கம் தள்ளினார். உயிர்த்தெழுந்த இயேசு கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்ததை யோவான் 21-இல் வாசிக்கிறோம். சமையல் ஊழியத்துக்குக் கீழான வேலை என்கிறவர்களிடம் அதற்கு மேல் நான் வாதாடுவதில்லை.

விருந்தோம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்வைத்ததைச் சாப்பிடுங்கள் என்று லூக்கா 10-ஐ எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தருகிறார்கள். நாம் யார் முன் எதை வைக்கிறோம் என்பதைச் சொல்லித்தருவது குறைவு. இஸ்லாமிய அண்டைவீட்டாரை அழைக்கிறவர், பன்றிக்கறி சமைத்த பாத்திரத்தை அன்றைக்கு எடுத்தாலே அவர்களுக்குச் சங்கடம் என்பதை அறிந்திருக்க வேண்டும். வனிலா எசன்ஸில் ஆல்கஹால் இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. முதலிலிருந்து நாமே சமைத்தால், "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று விருந்தாளி கேட்கும்போது மறைக்காமல் சொல்ல முடியும். பாக்கெட்டை நம்பினால் அந்தப் பதில் நம் கையில் இல்லை.

பெட்டியில் என்ன எடுத்துப்போவது என்றும் கேட்பார்கள். மசாலா பாக்கெட்டுகளால் பெட்டியை நிரப்பாதீர்கள், இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். நல்ல கத்தி ஒன்று, அதைத் தீட்ட ஒரு கல், இறைச்சியின் நடுவில் குத்திப் பார்க்க ஒரு தெர்மோமீட்டர். கோழி உள்ளே 74 டிகிரி வந்திருக்க வேண்டும், நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம் பிரஷர் குக்கர் கொண்டுபோனால் அதற்கான காஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் கூடுதலாக இரண்டு செட். அதே கம்பெனி, அதே அளவு என்று வாங்கும்போதே குக்கரில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.