நூறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கலன்

அணு உலையிலிருந்து வெளியே எடுத்த எரிபொருள் முதலில் ஒரு குளத்துக்குள் போகிறது. சுமார் 12 மீட்டர் ஆழமுள்ள அந்தத் தண்ணீர் சூட்டையும் வாங்கிக்கொள்ளும், கதிர்வீச்சையும் தடுக்கும். சில ஆண்டுகள் ஆறிய பிறகு எரிபொருளை எஃகுக் கலனில் அடைத்து, தண்ணீரை வடித்து, உள்ளே ஹீலியம் நிரப்பி, மூடியை வெல்டிங் செய்கிறார்கள். அதற்கு வெளியே தடித்த கான்கிரீட் உறை. உறையின் அடியில் உள்ள துவாரங்கள் வழியே காற்று நுழைந்து, கலனைத் தொட்டுச் சூடாகி, மேலே வெளியேறிவிடும். பம்ப் கிடையாது, மின்விசிறி கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளே இருக்கும் புளுட்டோனியம்-239 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும்.

இந்தக் கலன்களை நிரந்தரமாகப் புதைக்க அமெரிக்கா 1987-இல் நெவாடாவின் யக்கா மலையைக் குறித்தது. 2010 வாக்கில் ஒபாமா அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அப்புறம் கழிவு எங்கே போகும்? உலைகளுக்கு உரிமம் தரும் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1984 முதலே இதற்கு ஒரு பொதுவான பதிலை, 'கழிவு குறித்த நம்பிக்கை' என்ற பெயரில் விதியாகவே வைத்திருந்தது: எப்படியும் ஒரு இடம் அமையும், அதுவரை உலை வளாகத்திலேயே பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு உரிமமும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது.

நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்களும், மின்னசோட்டாவின் பிரெய்ரி ஐலண்ட் பழங்குடிச் சமூகமும், சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குப் போட்டன. பிரெய்ரி ஐலண்ட் மக்கள் வசிக்கும் இடத்திலிருந்து அங்குள்ள அணு உலையும் அதன் கழிவுக் கலன்களும் கூப்பிடு தூரம். 2012 ஜூனில் நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. புதைக்கும் இடம் கடைசிவரை கிடைக்காமலே போனால் என்ன ஆகும்? குளம் கசிந்தால்? குளத்தில் தண்ணீர் வற்றி எரிபொருள் தீப்பிடித்தால்? இவற்றைச் சரியாக ஆராயவில்லை என்பதுதான் தீர்ப்பு. கசிவு என்பது வெறும் கற்பனை இல்லை. நியூயார்க்கின் இந்தியன் பாயிண்ட் உலையில் குளத்து நீர் கசிந்தது 2005-இல் தெரியவந்திருந்தது.

ஆணையம் இறுதி உரிமங்களை நிறுத்திவைத்துவிட்டு, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்க இறங்கியது. மக்களுக்கு இதில் இரண்டு இடத்தில் வாசல் திறக்கும். எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று முதலிலேயே சொல்லலாம்; வரைவு வந்த பிறகு அதில் உள்ள ஓட்டைகளைக் காட்டலாம். இது வாக்கெடுப்பு இல்லை. 'வேண்டாம்' என்று ஆயிரம் பேர் எழுதினாலும் பதில் ஒரே பத்தியில் முடிந்துவிடும். 'இந்த அட்டவணையில் கலனின் வெல்டிங் அரிப்பை ஏன் கணக்கில் எடுக்கவில்லை?' என்று ஒரே ஒருவர் கேட்டால், அறிவியல் ரீதியாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் ஆவணத்தில் ஏறும். நாளை நீதிபதி அதைப் படிப்பார். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

2013 இறுதியில் நாடு முழுக்க 13 கூட்டங்கள் நடந்தன. 33,000-க்கும் அதிகமான கருத்துகள் வந்தன. விதியின் பெயரில் இருந்த 'நம்பிக்கை' என்ற சொல்லைப் பலர் ஆட்சேபித்தார்கள், அது நீக்கப்பட்டது. 2014-இல் வந்த இறுதி அறிக்கை மூன்று நிலைமைகளை ஆராய்ந்தது: உலையின் உரிமக் காலம் முடிந்த பின் 60 ஆண்டுகள், அதற்கு மேலும் 100 ஆண்டுகள், அப்புறம் முடிவே இல்லாத காலம்.

அந்த மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை எரிபொருளைப் புதுக் கலனுக்கு மாற்றுவார்கள், காவலும் கண்காணிப்பும் தொடரும் என்று அறிக்கை எடுத்துக்கொள்கிறது. எஃகின் ஆயுளைச் சோதனைக்கூடத்தில் அளந்துவிடலாம். ஒரு அரசு அமைப்பின் ஆயுளை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. கருத்துச் சொன்னவர்கள் இதை விடாமல் கேட்டார்கள். அவர்கள் கேள்வியும், 'நிறுவனங்கள் நீடிக்கும் என்று கொள்வது நியாயமே' என்ற ஆணையத்தின் பதிலும் அறிக்கையிலேயே இருக்கின்றன.

மறுபடியும் வழக்கு வந்தது. 2016-இல் நீதிமன்றம் இந்த முறை ஆணையத்தின் பக்கம் நின்றது. பொதுவிதி என்பதால், இனி ஏதோ ஒரு உலைக்கு உரிமம் தரும்போது அந்த ஊர்க்காரர் இதே கேள்வியைப் புதிதாக எழுப்பிவிட முடியாது. தன் ஊரின் நிலைமை தனிப்பட்டது என்று காட்டி முதலில் விலக்குப் பெற வேண்டும்.