ஓடு போதாத ஆமை

ஆமை பயந்தால் ஓட்டுக்குள் ஒடுங்கும் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். ஆனால் கனடாவில் இருக்கும் வன்னிச் சொந்தங்கள் அனுப்புகிற வீடியோக்களில் வரும் ஆமை ஒடுங்குவதில்லை. பின்னங்காலை ஊன்றி உடம்பை உயர்த்தி, வாயைப் பிளந்துகொண்டு ஆளை நோக்கிப் பாய்கிறது. அதுதான் ஸ்னாப்பிங் ஆமை.

அதன் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். முதுகில் பெரிய ஓடு. வயிற்றிலோ கோவணம் கட்டியதுபோல ஒடுங்கிய ஒரு துண்டு மட்டும். கால்களும் கழுத்தும் அதற்குள் அடங்காது. ஒளிய இடமில்லாத பிராணி என்ன செய்யும்? தண்ணீருக்குள் இருந்தால் ஆள் வந்ததும் பேசாமல் விலகிப் போய்விடும். தரையில் ஓடித் தப்ப முடியாது, அதனால் கடிக்கிறது. கோபக்கார ஆமை என்று பெயர் வாங்கினாலும், உண்மையில் அது தண்ணீருக்கு வெளியே மாட்டிக்கொண்ட ஆமைதான்.

கடியின் வேகம் கழுத்தில் இருக்கிறது. எல்லா ஆமைகளையும் போல இதற்கும் கழுத்தில் 8 முள்ளெலும்புகள். தலையை உள்ளிழுக்கும்போது அவை மேலும் கீழுமாக வளைந்து மடிந்து நிற்கும். பாயும்போது மடிப்பு முழுவதும் ஒரே வீச்சில் நிமிரும். கழுத்தை இழுக்கும் இந்த வித்தை முதலில் தற்காப்புக்காக அல்ல, இரையைச் சட்டென்று கவ்வுவதற்காகவே தோன்றியிருக்கலாம் என்று ஒரு ஜுராசிக் கால ஆமையின் புதைபடிவத்தை ஆராய்ந்தவர்கள் 2017இல் எழுதினார்கள். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

தாடையின் பலத்தைப் பற்றி உலவும் கதைகளில் மிகைதான் அதிகம். அளந்து பார்த்தபோது கிடைத்தது சுமார் 200 நியூட்டன், அதாவது இருபது கிலோ எடை அழுத்துவது போல. நம் கடைவாய்ப் பற்களின் அழுத்தம் இதைவிட அதிகம். ஆனால் ஆமைக்குப் பல் கிடையாது, கூரிய விளிம்புள்ள அலகுதான். முழு அழுத்தமும் அந்த மெல்லிய விளிம்பில் விழுவதால் விரல் கிழிந்துபோகும்.

சரி, எங்கே பிடிப்பது? நம் ஊர்ப் பழக்கத்தில் ஆமையை இரண்டு விலாப் பக்கமும் பிடித்துத் தூக்குவோம். இந்த ஆமையிடம் அது ஆபத்து, ஏனென்றால் தலை பக்கவாட்டில் திரும்பி ஓட்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் எட்டும். நீண்ட வாலைப் பார்த்ததும் அதைப் பிடித்துத் தூக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்வது ஆமைக்குக் கேடு. முதுகெலும்பு ஓட்டோடு ஒட்டிப்போன ஒன்று; அதன் தொடர்ச்சிதான் வால். பத்து கிலோ உடம்பு வாலில் தொங்கினால் முள்ளெலும்புகள் விலகி நரம்பு சேதப்படும். பின்பக்கமாகப் போய், இரண்டு பின்னங்கால்களுக்கும் மேலே ஓட்டின் விளிம்பை இரு கையாலும் பிடிப்பதுதான் பாதுகாப்பு. நகங்கள் பிறாண்டும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். தூக்காமலே வேலை முடிந்தால் இன்னும் நல்லது. ஒண்டாரியோவில் யூன் மாதத்தில் முட்டையிட வரும் பெண் ஆமைகள் ரோட்டோரம் நிற்கும். அங்கே காரின் கால்மிதியைப் பின்னாலிருந்து அதன் அடியில் செருகி, அது போக நினைத்த பக்கத்துக்கே இழுத்து விடச் சொல்லுகிறார்கள். திருப்பிக் கொண்டுபோய் விட்டால் மறுபடியும் ரோட்டைக் கடக்கத்தான் பார்க்கும்.

கடித்துவிட்டால் இழுக்கக் கூடாது, இழுத்தால் காயம்தான் பெரிதாகும். இடி முழங்கும் வரை விடாது என்பது அமெரிக்கக் கிராமத்துக் கதை. ஆமையைத் தண்ணீருக்குள் இறக்கினால் பெரும்பாலும் தானாக விட்டுவிடும். அப்புறம் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, ஏற்பு ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வளர்ப்பது வேறு கதை. முட்டையிலிருந்து வரும்போது ஓடு 3 சென்ரிமீற்றர்தான் இருக்கும், பார்த்தவர் எவரும் மயங்குவார். வளர்ந்தால் 30, 40 சென்ரிமீற்றர் ஆகிவிடும். ஒண்டாரியோவின் அல்கொன்குயின் பூங்காவில் 1972 முதல் கவனிக்கப்பட்டு வரும் ஆமைகளில் சில நூறு வயதைத் தாண்டியவை என்று கருதப்படுகிறது. வாங்குகிறவர் தன் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்குகிறார். தொட்டி பெரிதாக இருக்க வேண்டும், ஆனால் ஆழம் வேண்டாம்: அடியில் நின்றபடியே கழுத்தை நீட்டி மூச்செடுக்க முடிய வேண்டும். நிறையக் கழிவு விடுகிற பிராணி, நல்ல வடிகட்டி இல்லாவிட்டால் தண்ணீர் உடனே நாறிவிடும். இரையைத் தண்ணீரோடு உறிஞ்சி விழுங்குவதால் உணவைத் தண்ணீருக்குள்ளேதான் போட வேண்டும், அதுவும் நீண்ட இடுக்கியால். மீன் மட்டும் போதாது, நீர்ச்செடிகளையும் விரும்பித் தின்னும். கோல்ட்பிஷ்ஷையே தொடர்ந்து கொடுத்தால், அதிலுள்ள ஒரு நொதியம் வைட்டமின் பி1ஐச் சிதைத்து ஆமையை நோயாக்கும். எந்த ஆமையைத் தொட்டாலும் கை கழுவ வேண்டும், சல்மொனெல்லா பக்டீரியா அதன் உடம்பில் இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது தொற்றியதால்தான், ஓடு 10 சென்ரிமீற்றரை எட்டாத ஆமைகளை விற்பதை 1975இல் அமெரிக்கா தடை செய்தது.

வளர்த்துச் சலித்தவர்கள் குளத்தில் விடுகிறார்கள். ஜப்பானின் சிபா மாகாணத்தில் அப்படி விடப்பட்ட ஸ்னாப்பிங் ஆமைகள் பெருகிப்போய், இன்றுவரை பொறி வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வன்னியின் இரணைமடுக் குளத்திலோ வவுனிக்குளத்திலோ இப்படி ஒன்று நடந்தால் அடி விழுவது அங்கே வாழும் நம் பாலாமைக்கு.

பாலாமையும் கடிக்கும், கழுத்து அதற்கும் நீளம். ஆனால் வயிற்றோட்டின் பின்பக்கத்தில் தோல் மடல்கள் உண்டு. காலை உள்ளே இழுத்ததும் அவை கதவடைத்துவிடும். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மாரி மழைக்குக் காத்திருக்கும். இலங்கையில் அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். வீடு புகுந்த ஆமையும்தான் உருப்படுவதில்லை. வலையிலோ கிணற்றிலோ அகப்பட்டால் பின்பக்கமாகப் பிடித்து, ஈரச் சாக்கில் வைத்து, அதே குளத்தின் சேறுள்ள கரையில் விட்டுவிடலாம். காயம்பட்டிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும்.