பதில் சொல்ல ஐந்து நிமிடம்

"மெர்சியே பாலத்தைத் தாண்டித் தெற்கே இறங்கினால் போலீஸ் வண்டி மேல் 'பீஸ்கீப்பர்ஸ்' என்று எழுதியிருக்கிறது. அந்த ஊரில் ஒரு பையன் வண்டியைத் திருடினால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வார்களாமே, இதெல்லாம் வேலைக்கு ஆகுமா?" கனடாவின் மொன்றியலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சந்தேகம் நியாயமானதுதான். 'வட்டமாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவோம்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கும் கால் தானாக வாசலைப் பார்க்கும். ஆனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், அறிவியல் ஆசாமிகள் ரசிக்க ஒரு நுட்பம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊர். வாசகர் சொல்வது கானவாகே. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கும், மோஹாக் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். மோஹாக்குகள் ஹோடெனோஷோனி என்ற ஆறு இனக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள். பழைய புத்தகங்களில் 'இரோக்குவா' என்று இருக்கும். கானவாகேக்கு 1979 முதல் சொந்தக் காவல் படை இருக்கிறது, ஊர் நீதிமன்றம் இருக்கிறது, குடும்பங்களுக்கான சமூக சேவை நிலையம் இருக்கிறது, வழக்குகளைப் பேசித் தீர்க்க 'ஸ்கென்னென் அவொன்சொந்தொன்' என்ற அமைப்பும் இருக்கிறது. அதே ஆற்றில் மேற்கே போனால் அக்வெசாஸ்னி. ஒன்டாரியோ, கியூபெக், நியூயார்க் என்று மூன்று ஆட்சிகளின் எல்லை அந்த ஒரே ஊருக்குள் ஓடுகிறது. அங்கே 2016-இல், கனடா அரசு பூர்வகுடிகளுக்காகப் போட்ட 'இந்தியர் சட்ட'த்தைச் சாராமல், ஊரே இயற்றிய சட்டத்தின்படி ஒரு நீதிமன்றம் தொடங்கினார்கள்.

சட்ட வழி சுருக்கமாக: கனடாவின் குற்றவியல் சட்டம் 717-வது பிரிவின்படி, சில வழக்குகளை விசாரணைக்குக் கொண்டுபோகாமல் மாற்று வழிக்குத் திருப்பலாம். செய்தவர் 'நான்தான் செய்தேன்' என்று பொறுப்பேற்க வேண்டும். வர அவருக்குச் சம்மதம் இருக்க வேண்டும். வக்கீலிடம் பேசும் உரிமை உண்டு. இதில் ஒரு முக்கியமான வரி இருக்கிறது. அங்கே அவர் ஒப்புக்கொண்டதை, பேச்சு முறிந்து வழக்கு நீதிமன்றத்துக்குத் திரும்பினாலும், அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது. இந்த ஒரு வரி இல்லையென்றால் உலகத்தில் எந்த வட்டமும் ஓடாது. எவன் வாயைத் திறப்பான்?

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயதுப் பையன், பக்கத்துத் தெருக்காரரின் ஸ்னோமொபைலை, அதாவது பனியில் ஓட்டும் வண்டியை, இரவில் எடுத்துப் போய் மரத்தில் மோதிவிட்டான். அறையில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். நடுவில் மேசை கிடையாது. பையன், அவன் அம்மா, பெரியம்மா, வண்டிக்காரர், அவர் மனைவி, ஒரு காவலர், நடத்துபவர். ஒரு இறகோ கல்லோ கை மாறிக்கொண்டே போகும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசுவார். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யார் யாருக்கு என்ன பாதிப்பு, இனி எப்படிச் சரிசெய்வது, கேள்விகள் இவ்வளவுதான். வண்டிக்காரர் பணத்தைப் பற்றிப் பேசுவார் என்று பையன் நினைத்திருப்பான். அவரோ, அன்றிலிருந்து இரவில் மூன்று தடவை எழுந்து கொட்டகைப் பூட்டை இழுத்துப் பார்ப்பதைச் சொல்கிறார். சொல்லிவிட்டு இறகை உடனே கொடுக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பத்து விநாடி. யாரும் பேசவில்லை. பேசவும் முடியாது, இறகு அவர் கையில்.

அந்தப் பத்து விநாடிதான் விஷயம்.

சாதாரண உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கும்? உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்து பத்து மொழிகளை எடுத்து, ஆமாம்-இல்லை கேள்விகளுக்கான பதில்களை அளந்து 2009-இல் ஒரு ஆய்வு வெளியானது. சராசரி இடைவெளி சுமார் 200 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியர்கள் கிட்டத்தட்ட இடைவெளியே விடுவதில்லை. டேனிஷ்காரர்கள் நிதானம், ஆனால் அவர்களும் அரை விநாடியைத் தாண்டவில்லை.

இதில் என்ன அதிசயம் என்றால், ஒரு படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால், ஒற்றைச் சொல்லைத் தேடி எடுத்து வாயால் சொல்ல மூளைக்கு 600 மில்லி விநாடி வேண்டும். ஒரு சிறு வாக்கியத்துக்கு ஒன்றரை விநாடி ஆகும். கணக்கு உதைக்கிறதல்லவா? 600 தேவைப்படும் வேலையை 200-இல் எப்படி முடிக்கிறோம்? ஒரே வழிதான். எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

இதை மூளை மின் அலைகளில் பிடித்துக்கூடக் காட்டியிருக்கிறார்கள். 2015-இல் வந்த ஒரு சோதனையில் வினாடி வினாக் கேள்விகளை இரண்டு விதமாக அமைத்தார்கள். '007 என்று அழைக்கப்படும், புகழ்பெற்ற படங்களில் வரும் பாத்திரம் எது?' என்பது ஒன்று. 'புகழ்பெற்ற படங்களில் வரும், 007 என்று அழைக்கப்படும் பாத்திரம் எது?' என்பது இன்னொன்று. விடையைக் காட்டிக்கொடுக்கும் '007' முதல் கேள்வியில் முன்னாலேயே வந்துவிடுகிறது, இரண்டாவதில் பின்னால் வருகிறது. கேட்பவரின் மூளை '007' காதில் விழுந்து அரை விநாடிக்குள் பதில் தயாரிப்பைத் தொடங்கிவிட்டது. கேள்வி பாதியில் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. கவனம் கேட்பதிலிருந்து பேசத் தயாராவதற்கு மாறுவதன் அடையாளமும் அலைகளில் தெரிந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அடுத்தவர் வாக்கியத்தின் மிச்சப் பகுதியிலேயே நம் பதிலுக்கு இடம் பிடித்துவிடுகிறோம்.

டீக்கடைப் பேச்சுக்கு இது அற்புதமான ஏற்பாடு. குற்றம் சாட்டுபவரும் சாட்டப்பட்டவரும் எதிரெதிரே உட்காரும்போது இதுவே விஷம். முதல் குற்றச்சாட்டு காதில் விழுந்த அரை விநாடியில் மறுப்பு தயாராகிவிடுகிறது. பூட்டை இழுத்துப் பார்க்கிற பகுதி வரும்போது பையனின் தலைக்குள் 'சாவியை வண்டியிலேயே விட்டது யார் தப்பு?' என்ற வாக்கியம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

இறகு இந்தப் போட்டியையே ரத்து செய்கிறது. இன்னும் நான்கு பேர் தாண்டித்தான் உன் முறை, அது நிச்சயம் வரும், யாரும் பிடுங்க முடியாது என்று தெரிந்தால், 200 மில்லி விநாடிக்குள் முந்திக்கொள்ள வேண்டிய அவசரம் இல்லை. இப்போதே தயாரித்து வைத்தாலும் பயனில்லை, நான்கு பேர் பேசுவதற்குள் அது பழசாகிவிடும். அந்த உரையாடல் ஆய்வுகளையும் இந்த வட்டத்தையும் முடிச்சுப் போடுவது என் சொந்தப் பொறுப்பு. ஆனால் முடிச்சு இறுக்கமாகத்தான் விழுகிறது.

இப்போது 1784-க்குப் போவோம். பெஞ்சமின் பிராங்க்ளின், ஆமாம், மின்னலை ஆராயப் பட்டம் விட்ட அதே பிராங்க்ளின், இந்த மக்களின் சபை நடைமுறையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் எழுந்து பேசினால் மற்றவர்கள் முழு அமைதி. பேசி உட்கார்ந்த பிறகும் ஐந்தாறு நிமிடம் யாரும் எழுவதில்லை. எதையாவது விட்டிருந்தால் அவர் மறுபடி எழுந்து சொல்லலாம் என்பதற்காக. குறுக்கே பேசுவது பெரிய அநாகரிகம். முக்கியமான கோரிக்கைக்கு அன்றே பதில் சொல்வதும் மரியாதையில்லை. 200 மில்லி விநாடியையும் ஐந்து நிமிடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஆயிரத்து ஐந்நூறு மடங்கு.

அவர்களுடைய 'மாபெரும் அமைதிச் சட்ட'த்தில் இதற்கு ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். மோஹாக்குகளின் ஒன்பது தலைவர்கள் ஆமை, ஓநாய், கரடி என்ற மூன்று குலங்களுக்கு மூவராகப் பிரிந்து உட்காருவார்கள். முதல் இரண்டு அணிகள் விவாதிக்கும். மூன்றாவது அணியின் வேலை கேட்பது. தவறு நடந்தால் சுட்டிக்காட்டுவது. வாதாடும் பொறுப்பே இல்லாத காதுகள் மூன்று ஜோடி, அரசியல் சட்டப்படி! நம் தொலைக்காட்சி விவாதங்களில் இப்படி ஒரு நாற்காலி போட்டால் அதில் உட்கார ஆள் கிடைக்குமா தெரியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'பார்த்தீர்களா, முன்னோர்கள் அன்றே நரம்பியல் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று இதை வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள். அவர்களிடம் மில்லி விநாடி அளக்கும் கருவி கிடையாது, அவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பழிக்குப் பழி என்று ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டிக்கொண்டிருந்த இனங்கள், சண்டையை நிறுத்த எது உதவியதோ அதை வைத்துக்கொண்டார்கள். அது போதும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் காரியம் பேசுவதற்கு முன், ஹோடெனோஷோனி மரபில் மூன்று சொற்களைச் சொல்வார்கள். கண்ணீரைத் துடைத்துப் பார்வையைத் தெளிவாக்குவது ஒன்று, காதில் அடைத்ததை நீக்குவது ஒன்று, தொண்டையில் அடைத்ததை இறக்குவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிப்பி மணிச் சரம். கடுமையான மன அழுத்தத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி சரியாக வேலை செய்யாது, நிதானமாக யோசிப்பதும் நினைவில் பிடித்து வைப்பதும் தடுமாறும் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. நம் நீதிமன்றங்களில் கூண்டில் ஏற்றிய அடுத்த நிமிடம் 'சம்பவம் நடந்தபோது மணி என்ன?' என்று கேட்கிறோம்.

சரி, பலன்? இந்தத் திட்டங்களில் பங்கெடுத்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைவு என்று கனடா அரசின் மதிப்பீடுகள் சொல்கின்றன. ஆனால் இதை அப்படியே விழுங்கக் கூடாது. திருந்தும் எண்ணம் இருப்பவன்தானே முதலில் வர ஒப்புக்கொள்வான்? அதனால், சந்திப்புக்குப் போவது யார், போகாதது யார் என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளைப் பார்க்க வேண்டும். மூன்று கண்டங்களில் நடந்த அப்படிப்பட்ட 10 சோதனைகளை, 1,879 குற்றவாளிகளை, 2013-இல் தொகுத்து ஆராய்ந்தார்கள். மோஹாக் வட்டங்கள் அதில் இல்லை, குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் உட்கார்ந்து பேசும் அதே வகை நேருக்கு நேர் சந்திப்புகள். மறுகுற்றம் குறைந்தது, பிரமாதமாக அல்ல, மிதமாக. வன்முறைக் குற்றங்களில் பலன் திருட்டுகளைவிடக் கூடுதல் என்பதுதான் ஆச்சரியம். லண்டனில் கொள்ளைக்கும் வீடு புகுந்த திருட்டுக்கும் ஆளானவர்களிடம் மன அதிர்ச்சி அறிகுறிகளும் குறைந்தன. இரவில் பூட்டை இழுத்துப் பார்ப்பது இந்த வகைதான்.

ஒரு சோதனை மட்டும் உறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், பூர்வகுடி இளைஞர்கள் மட்டும் இருந்த ஒரு சிறிய பிரிவில் விளைவு தலைகீழ். சந்திப்புக்குப் பிறகு கைதுகள் கூடின. அந்தச் சந்திப்புகளை நடத்தியவர்கள் போலீஸார். ஆட்கள் குறைவு, அதனால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வட்டத்தில் எத்தனை நாற்காலி என்பதைவிட, யார் கூட்டிய வட்டம் என்பது பெரிய விஷயம் என்றுதான் எனக்குப் படுகிறது. மோஹாக் ஊர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே நடத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. எல்லா வழக்கும் இதற்கு ஒத்துவராது என்பதும் உண்மை. கணவனுக்குப் பயந்து வாய் திறக்காத மனைவியின் கையில் இறகைக் கொடுத்து என்ன பயன்? எல்லோரும் சொந்தக்காரர்களாக இருக்கும் ஊரில் ரகசியம் காப்பதும் லேசில்லை.

உதாரண வட்டத்தில் பையனின் பெரியம்மாவை உட்கார வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மோஹாக் குழந்தை அம்மாவின் குலத்தைச் சேர்ந்தது. அம்மாவின் அக்காவும் தங்கையும் அம்மாக்களே. கேட்ட மாதிரி இருக்கிறதா? அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன், ஹோடெனோஷோனியைச் சேர்ந்த செனெகா மக்களின் உறவுமுறையைப் பட்டியல் போட்டுவிட்டு, ஒரு மிஷனரி மூலம் தமிழ் உறவுமுறைப் பட்டியலை வாங்கிப் பார்த்துத் திகைத்துப்போனார். அப்பாவின் அண்ணன் தம்பிகள் அப்பாக்கள், அம்மாவின் அக்கா தங்கைகள் அம்மாக்கள், மாமாவும் அத்தையும் மட்டும் தனி. 1871-இல் அதை வெளியிட்டார். மானுடவியலில் 'இரோக்குவா முறை', 'திராவிட முறை' என்று இன்றும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள். மாமன் மகளைக் கட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை, அது ஒரு பெரிய வித்தியாசம்.

பெரியம்மாவும் அம்மாதான் என்ற ஊரில், பெற்றவளால் முடியாதபோது குழந்தையை ஊர் பேர் தெரியாத குடும்பத்திடம் கொடுப்பது எவ்வளவு அபத்தம்! கனடாவில் 2021 கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம், வளர்ப்புக் குடும்பங்களில் இருப்பவர்களில் 53.8 சதவீதம். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் இப்போது வரிசை வைத்திருக்கிறது. முதலில் பெற்றோர், பிறகு குடும்பத்தின் வேறு பெரியவர், பிறகு அதே சமூகத்தவர், பிறகு வேறு பூர்வகுடிக் குடும்பம், கடைசியில்தான் மற்றவர்கள். சமூகங்கள் தங்கள் குழந்தைகளுக்கான சட்டத்தைத் தாங்களே இயற்றலாம் என்பதை 2024-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடித்தால் பாதிக் கதைதான். பல ஆண்டுகளாக அரசு நிதி ஒதுக்கிய சூத்திரத்தில், குழந்தையை வீட்டிலிருந்து எடுத்துவிட்டால் ஆகும் செலவு முழுதாகக் கிடைக்கும்; எடுக்காமல் தடுக்கும் வேலைக்கு, அதாவது குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற இந்த வேலைக்கு, அளந்து ஊற்றுவார்கள். எந்த ஊழியர் கெட்டவர் என்று தேட வேண்டியதே இல்லை, சூத்திரமே குழந்தைகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. கனடாவின் மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016-இல் இதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2023-இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்த இழப்பீட்டுத் தொகை 2,300 கோடி டாலருக்கும் மேல்.