குப்பையிலிருந்து மின்சாரம்: துவாஸ் உலைகளில் நடப்பது என்ன?

சிங்கப்பூரில் நம் அடுக்குமாடிப் புளோக்கின் குப்பைக்குழாயில் விழும் பை, அடுத்த ஓரிரு நாளில் தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸில் எரிந்து மின்சாரமாகிறது. "அப்படியானால் நிறையப் போட்டால் நல்லதுதானே?" என்று சிலர் உண்மையாகவே கேட்கிறார்கள். நல்லதல்ல. இந்த ஏற்பாடு குப்பை கொட்ட இடமில்லாததால் வந்தது. மின்சாரம் அதன் உபரிப் பயன்தான்.

சிங்கப்பூரின் முதல் எரிஆலை 1979இல் உலு பாண்டானில் திறக்கப்பட்டது. லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999இல் மூடப்பட்ட பிறகு குப்பையும் சாம்பலும் கொட்ட நமக்கு மிஞ்சியிருப்பது செமாக்காவ் தீவு மட்டுமே. அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணிப்பு.

ஆலைக்கு வரும் லாரியை எடைபோட்டு, குப்பையை ஓர் ஆழமான கிடங்கில் கொட்டுகிறார்கள். நாற்றம் வெளியே பரவாதபடி அங்குள்ள காற்றை உலையே உள்ளிழுத்துக்கொள்கிறது. ராட்சதக் கிரேன் ஈரக் குப்பையையும் உலர்ந்ததையும் கிளறிக் கலந்து உலையில் போடுகிறது. உள்ளே வெப்பம் 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் உண்டாகும் நீராவி டர்பைனைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. புகையைச் சுண்ணாம்புத் தூளும் வடிகட்டிகளும் சுத்திகரிக்கின்றன. சாம்பலில் கிடக்கும் இரும்பைக் காந்தம் பொறுக்கி எடுக்கிறது. குப்பையின் பருமன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மிஞ்சும் சாம்பல் படகேறிச் செமாக்காவ் போகிறது.

துவாஸ்ஒன் ஆலை ஒன்றே நாளுக்கு 3,600 டன் எரித்து 120 மெகாவாட் வரை மின்சாரம் தரக்கூடியது. ஆனாலும் எல்லா எரிஆலைகளும் சேர்ந்து தருவது நாட்டின் மின்தேவையில் 2 முதல் 3 விழுக்காடுதான். ஏன் இவ்வளவு குறைவு? ஒரு காரணம் நம் சமையலறையில் இருக்கிறது. விருந்து முடிந்து, ரசமும் மோரும் சொட்டச் சொட்டச் சுருட்டிப் பையில் திணிக்கும் வாழையிலையை எண்ணிப் பாருங்கள். அந்த நீர் ஆவியாகி முடியும்வரை உலையின் வெப்பம் அதற்கே செலவாகிறது. நீரை வடித்துவிட்டுப் பையைக் கட்டுங்கள். குழாயும் கசியாது, கரப்பான்பூச்சியும் வராது.

குப்பை அகற்றும் கட்டணம் தண்ணீர், மின்சாரத்தோடு மாதாந்தரப் பயனீட்டுக் கட்டணச் சீட்டில் வருகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு அது நிலையான தொகை. ஒரு பை போட்டாலும் பத்துப் பை போட்டாலும் அதே தொகைதான். குறைத்துப் போடுகிறவருக்குச் சலுகை இல்லாதது இந்த முறையின் பெரிய குறை என்பது என் கருத்து.

கண்ணாடி எரியாது. குழாயில் போட்ட ஊறுகாய்ப் புட்டி சாம்பலோடு செமாக்காவில் இடம்பிடித்துக்கொள்ளும். புட்டியைக் கழுவி மறுபயனீட்டுக்கான நீல நிறத் தொட்டியில் போடுங்கள். காகிதம், பிளாஸ்டிக், டின் எல்லாவற்றையும் அதிலேயே சேர்த்துப் போடலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு மட்டும் வேண்டாம். அத்தொட்டிகளில் சேர்வதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாமல் எரிஆலைக்கே திரும்புகிறது.

பழைய கைப்பேசி, பேட்டரி, பவர்பேங்க் ஆகியவற்றைக் குழாயிலோ நீலத் தொட்டியிலோ ஒருபோதும் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் லாரியிலேயே தீப்பற்றிக்கொள்ளும். கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் இவற்றுக்கென்று மின்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன. பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி அங்கே போடுங்கள். உப்பிப்போன பேட்டரியை மட்டும் அவற்றில் போடக்கூடாது.