‘இதுபோல் யாரும் செய்யவில்லை’ என்பது மட்டும் புதுமை ஆகாது

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைக் கட்டும் பட்டறை ஒன்றில், பழுதுக்கு வந்திருந்த ஒரு பழைய வண்டியின் அடியில் உரிமையாளரும் நானும் குனிந்து நின்றிருந்தோம். அவர் டார்ச் அடித்துக் காட்டிய இடத்தில், துளையிடும் கருவியைப் பிடித்து நிற்கும் கோபுரமான மாஸ்ட்டைத் தாங்கும் பிராக்கெட்டின் வெல்டு ஓரத்தில் தொடங்கிய விரிசல் ஒன்று, நீளவாட்டு பீமின் மேல்தகட்டுக்குள் மயிரிழைபோல் ஓடியிருந்தது. பக்கத்து ஷெட்டில் அவர் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வண்டியின் சட்டகத்தில் (சப்-ஃபிரேம்) அந்த விரிசல் வர வழியே இல்லை என்றார். “இந்த மாதிரி சப்-ஃபிரேம் இதுவரைக்கும் யாரும் பண்ணலைங்க, தைரியமா பேட்டன்ட் போடுங்க” என்று அவர் சொன்னபோது, அந்த நம்பிக்கையில் பொய் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. காப்புரிமை முகவராக நான் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியமும் அதுதான். அவருடைய அடையாளம் வெளிப்படாதபடி சில விவரங்களை மாற்றி, அந்தச் சட்டகத்தை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், புதிய கண்டுபிடிப்பு எது என்பதைப் பிரிவு 2(1)(எல்)இல் வரையறுக்கிறது. கண்டுபிடிப்பை முழுமையாக விளக்கும் முழு விவரக்குறிப்புடன் விண்ணப்பம் தாக்கலாகும் நாளுக்கு முன், உலகில் எங்கும் எந்த ஆவணத்திலும் அது வெளியாகியிருக்கக் கூடாது. இந்தியாவிலோ வேறெங்குமோ அது பயன்பாட்டிலும் இருந்திருக்கக் கூடாது. இப்படி முன்பே வெளிப்பட்டுவிட்ட அறிவு அனைத்தையும் முன்கலை என்கிறோம். திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் யாரும் செய்யவில்லை என்பது வியாபாரத்தில் பெரிய விஷயமாக இருக்கலாம். காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகருக்கோ, 1980களில் ஜப்பானில் யாரோ தாக்கல் செய்து, ஒரு இயந்திரம்கூடத் தயாரிக்கப்படாமல் காலாவதியாகிப்போன ஒரு ஆவணமே போதும். அந்த ஆவணம் இன்று யாருக்கும் சட்டப் பாதுகாப்புத் தருவதில்லை என்றாலும், முன்கலையாக அதற்கு உயிர் இருக்கிறது.

கனரக இயந்திரங்களின் சட்டகம் நெரிசல் மிகுந்த துறை என்பதையும் மறந்துவிடக் கூடாது. நீராவியில் இயங்கிய மண்வெட்டி இயந்திரத்துக்கு வில்லியம் ஓடிஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1839இல். அன்றிலிருந்து இன்றுவரை, பாரத்தை ஓரிடத்தில் வாங்கித் தரைக்கு எப்படிக் கடத்துவது என்ற ஒரே கேள்விக்கு ஆயிரக்கணக்கானோர் இரும்பில் விடை எழுதியிருக்கிறார்கள். ஆகவே, ‘இப்படி ஒரு இயந்திரம் ஏற்கெனவே இருக்கிறதா?’ என்று கேட்டால் அநேகமாக இருக்கிறது என்றுதான் விடை வரும். நாம் கேட்க வேண்டியது வேறு கேள்வி: நம் உரிமைகோரலில், அதாவது எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியில், எழுதப்பட்டுள்ள கூறுகள் அனைத்தும், அதே இணைப்பில், முன்கலையின் ஏதேனும் ஒரே ஆவணத்தில் இருக்கின்றனவா?

இந்த ‘ஒரே’ என்ற சொல்லில்தான் புதுமை மதிப்பீட்டின் உயிர் இருக்கிறது. அந்தப் பட்டறைக்காரரின் சட்டகத்தை ஐந்து கூறுகளாகப் பிரித்தேன். லாரி சேஸிஸின் மேல் அமரும் இரண்டு நீளவாட்டு பீம்கள். அவற்றின் பின்பகுதியில், இரு பீம்களின் நடுத்தகடுகளையும் துளைத்துக் குறுக்கே செல்லும் தடித்த குழாய். அந்தக் குழாயின் இரு முனைகளிலும் பொருத்தப்பட்ட ஹைட்ராலிக் ஜாக்குகள். பீமின் மேல் அமராமல் குழாயையே அரைவட்டமாகக் கவ்வி அமரும் மாஸ்ட் பிராக்கெட். சேஸிஸ் முறுக்கிக்கொள்ள இடம்தரும் வகையில் முன்பகுதியில் ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகள். மாஸ்ட்டின் பாரம் நீண்ட பீம்களைத் தொடாமல் பிராக்கெட்டிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து ஜாக்குக்கும், ஜாக்கிலிருந்து தரைக்கும் நேராக இறங்கிவிடுகிறது. விரிசல் வராததற்குக் காரணம் அதுதான்.

தேடலில் இரண்டு ஆவணங்கள் முக்கியமாகக் கிடைத்தன. லாரியில் ஏற்றிய கிரேன் ஒன்றின் ஆவணத்தில் பீம்களைத் துளைத்துச் செல்லும் குழாய் இருந்தது, முனைகளில் ஜாக்குகள் இருந்தன, முன்பகுதி ஸ்பிரிங் போல்ட்டுகள்கூட இருந்தன. குழாயின் மேல் அமர்ந்த பிராக்கெட் மட்டும் இல்லை. ரிக் ஒன்றின் ஆவணத்தில் மாஸ்ட் பிராக்கெட் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் மேல் அமர்ந்திருந்தது. ஆனால் அந்தச் சட்டம் பீம்களைத் துளைக்கவில்லை, அதில் ஜாக்கும் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஐந்து கூறுகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனாலும் புதுமையைப் பொறுத்தவரை இரண்டு ஆவணங்களைத் தைத்து ஒன்றாக்க அனுமதி இல்லை. 1972இல் வெளியான ஜெனரல் டயர் வழக்கின் தீர்ப்பில் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்ன உவமை இன்றும் எடுத்தாளப்படுகிறது: ஊருக்குப் போகும் வழியைக் காட்டும் கைகாட்டி மரம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் போதாது, முன்னோடி அந்த இடத்திலேயே போய்க் கொடி நட்டிருக்க வேண்டும்.

தைப்பது அடுத்த கட்டமான கண்டுபிடிப்புப் படியில் வரும். இத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு அந்த இரண்டு ஆவணங்களையும் சேர்ப்பது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா என்பது அங்கே கேட்கப்படும் கேள்வி. பாத்திரங்களைக் கடையும்போது பிடித்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றைப் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், பட்டறையில் இயல்பாகச் செய்யும் சிறு மேம்பாட்டுக்கு அப்பால் ஏதாவது இருக்க வேண்டும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டறைக்காரர்கள் வருத்தப்படும் தீர்ப்பு இது. ஆனால் இதை நான் நியாயமானதாகவே கருதுகிறேன், ஏனெனில் பட்டறையின் அன்றாடக் கைத்திறனுக்குத் தனியுரிமை கொடுத்தால் முதலில் முடங்குவது பக்கத்துப் பட்டறைதான். தெரிந்த கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தமக்குத் தெரிந்த வேலையைச் செய்யும்படி வெறுமனே அடுக்கி வைப்பதைப் பிரிவு 3(எஃப்) கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. குழாயும் பிராக்கெட்டும் ஜாக்கும் ஒன்றையொன்று சார்ந்து பாரத்தின் பாதையையே மாற்றுகின்றன என்று காட்ட முடிந்ததால்தான் இந்தச் சட்டகம் அந்தத் தடையைத் தாண்டும் என்று நம்பினேன்.

கூறுகளை ஒப்பிடும்போது மூன்று இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும். முன்கலையில் ‘பொருத்தும் சாதனம்’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், நாம் கோரும் குறிப்பிட்ட அரைவட்டக் கவ்வியின் புதுமை அதனால் கெடாது. ஆனால் முன்கலையில் சாதாரண போல்ட் ஒன்று இருந்து, நாம் ‘பொருத்தும் சாதனம்’ என்று பரந்து கோரினால் கெட்டுவிடும். பரந்து எழுதினால் அதிகப் பாதுகாப்பு என்று எண்ணி வாடிக்கையாளர்கள் வற்புறுத்தும்போது நான் உடன்படாததற்கு இதுவே காரணம். அடுத்ததாக, எழுத்தில் இல்லாவிட்டாலும் தவிர்க்க முடியாமல் உடன்வரும் கூறு, சொல்லப்பட்டதாகவே கருதப்படும். பழைய காப்புரிமை வரைபடங்களும் கவனத்துக்குரியவை. எந்தத் தகடு எதன் மேல் இருக்கிறது என்பதை அவற்றிலிருந்து எடுக்கலாம். அளவுகோல் வைத்துத் தடிமனை அளந்து அதை முன்கலை என்று வாதிடுவது நிற்காது, ஏனென்றால் அவை பெரும்பாலும் அளவுக்கு வரையப்பட்டவை அல்ல.

தேடும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ரிக் சப்-ஃபிரேம்’ என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்று வருபவர்கள் பலர். காப்புரிமை எழுதுபவர்கள் பட்டறைச் சொற்களைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே சொல்லை விட்டுவிட்டு, காப்புரிமை ஆவணங்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் பன்னாட்டு வகைப்பாட்டு எண்ணைப் பிடிக்க வேண்டும். வண்டியில் ஏற்றிய துளையிடும் ரிக்குகள் ஈ21பி 7/02இல் இருக்கும். ஆனால் தேவையான கிரேன் ஆவணம் எனக்குக் கிடைத்தது அங்கே அல்ல, நடமாடும் கிரேன்களின் தாங்குகால்களுக்கான பி66சி 23/78இல். தோண்டும் இயந்திரங்களின் மேற்கட்டுமானம் ஈ02எஃப் 9/08இலும், வாகனங்களின் அடிச்சட்டகம் பி62டி 21இலும் இருக்கின்றன. கான்கிரீட் பம்ப் வண்டியும் தீயணைப்பு ஏணி வண்டியும்கூட இதே சிக்கலைச் சந்திப்பவைதான். இயந்திரத்தின் பெயரைத் தேடக் கூடாது. பாரம் படும் பாட்டைத் தேட வேண்டும். இந்திய அலுவலகத்தின் இன்பாஸ், எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், ஜப்பானின் ஜே-பிளாட்பாட் ஆகிய நான்கு காப்புரிமைத் தேடுதளங்களும் கட்டணமில்லாமல் திறந்திருக்கின்றன. சிறு கண்டுபிடிப்புகளுக்கான ஜப்பானியப் பயன்பாட்டு மாதிரி ஆவணங்களில் மொழி புரியாவிட்டாலும் படத்தைப் பார்த்தாலே போதுமான நேரங்கள் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மறைவிடம் எஞ்சும். விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதம் வெளியிடப்படாமல் இருப்பதால், நமக்குச் சற்று முன் யாராவது தாக்கல் செய்திருந்தால் இன்றைய தேடலில் அது சிக்காது; பின்னர் அது வெளியாகும்போது, அதில் நம்முடைய கூறுகள் ஏற்கெனவே கோரப்பட்டிருந்தால் பிரிவு 13இன் கீழ் ஆட்சேபம் வரும்.

சட்டகத்தின் ‘டிசைன்’ என்றதும் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவுசெய்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது கண்ணால் மட்டும் மதிப்பிடப்படும் தோற்றத்துக்கானது. கட்டுமான முறையும் வெறும் இயந்திர அமைப்பும் அதில் அடங்காது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

எல்லாம் முடிந்தபின் நான் அவரிடம் கேட்ட கேள்வி, உண்மையில் முதலில் கேட்டிருக்க வேண்டியது: “இந்தச் சட்டகத்தோட ஏதாவது வண்டி வெளியே போயிருக்கா?” மூன்று வாரத்துக்கு முன் ஒன்று விற்பனையாகி மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விட்டது என்றார். எனக்கு மனம் கனத்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருப்பதைப் போன்ற பொதுவான ஓராண்டுச் சலுகைக் காலம் நம் சட்டத்தில் இல்லை. அரசிதழில் அறிவிக்கப்பட்ட கண்காட்சிக்குப் பிரிவு 31ம், நியாயமான சோதனைக்காகத் தவிர்க்க முடியாமல் பொதுவில் இயக்குவதற்குப் பிரிவு 32ம் தரும் விலக்குகள் மிகக் குறுகியவை. காசு வாங்கி விற்ற வண்டி அவற்றில் அடங்காது. வாங்கியவர் வண்டிக்கு அடியில் குனிந்தாலே சட்டகம் முழுவதும் தெரியும். ஊரெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை; அத்தொழிலில் இருப்பவர்கள் அறிந்திருந்தாலே போதும் என்று மான்சான்டோ – கோரமண்டல் இன்டாக் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறரை எண்ணி அஞ்சுபவர்கள், தங்கள் கண்டுபிடிப்புக்குத் தாங்களே முன்கலை ஆகிவிடுவதை நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் அது வலிக்கிறது.

பிறகு வெல்டர் தன் கைபேசியை எடுத்து வந்தார். விற்பனையாகிப் போன அந்த முதல் வண்டி கட்டப்பட்டபோது எடுத்த படங்கள் தேதியுடன் அதில் இருந்தன. குழாய் இருந்தது, ஜாக்குகள் இருந்தன. பிராக்கெட்டோ பழைய வழக்கப்படி பீமின் மேல்தகட்டில் வெல்டு செய்யப்பட்டிருந்தது. குழாயைக் கவ்வும் பிராக்கெட் இரண்டாவது வண்டியில்தான் வந்திருக்கிறது, அது இன்னும் ஷெட்டுக்குள்தான் நின்றது. ஐந்தில் ஒன்று முதல் வண்டியில் இல்லை, புதுமை பிழைத்தது. அதேசமயம், அந்த முதல் வண்டியும் இனி முன்கலைதான் என்பதையும், அதிலிருந்து ஒரே ஒரு படிதான் முன்னேறியிருக்கிறோம் என்று பரிசோதகர் வாதிடக்கூடும் என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை.

உரிமைகோரலைப் பிராக்கெட்டும் குழாயும் சேரும் இடத்தை மையமாக வைத்துச் சுருக்கினேன். மாஸ்ட் எழும்புவதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட இருந்த அவருடைய மகனைப் பொறுக்கச் சொன்னோம். ஒரு வாரத்தில், முன்னுரிமைத் தேதியைப் பிடித்துவைக்கும் தற்காலிக விவரக்குறிப்பு தாக்கலானது. முழு விவரக்குறிப்புக்கு அதிலிருந்து பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. விண்ணப்ப எண் வந்த செய்தியை நான் தொலைபேசியில் சொன்ன மறுநாள் காலை, இரண்டாவது வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியது.