மனித உயிரியல் படிக்கச் சேர்ந்தவர்களே, சர்க்கரையின் பின்னாலேயே போங்கள்

பகலில் நீரிழிவு நோயாளிகளைப் பார்க்கும் தாதி நான். வாரத்தில் இரண்டு மாலை, பெரியவர்களுக்கான அடிப்படை மனித உயிரியல் வகுப்பில் பாடம் எடுக்கிறேன். இரண்டாம் வாரம் முடியும்போது யாராவது ஒருவர், வகுப்பு கலைந்த பிறகும் போகாமல் தயங்கி நிற்பார். சென்ற முறை நின்றவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகலாம் என்று சேர்ந்திருந்தார். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம், பயிற்சி வகுப்புகளுக்கான 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடைத்த பிறகு, இவரைப் போன்ற பலரை வகுப்பில் பார்க்கிறேன். அவருடைய நோட்டில் பக்கத்துக்கு நாற்பது சொற்கள் முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தன. “மிஸ், எழுத எழுத மறந்துபோகிறது. விட்டுவிடட்டுமா?” என்றார்.

நோட்டை மூடச் சொன்னேன். “அக்கா, வகுப்புக்கு வருமுன் என்ன குடித்தீர்கள்?” கீழே உணவங்காடியில் ஒரு தே குடித்தாராம். கெட்டிப் பால் ஊற்றிய வழக்கமான தே. “அந்தத் தேயில் இருந்த சர்க்கரை இப்போது எங்கே இருக்கும்?” என்று கேட்டேன். அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அங்கிருந்து நடக்கத் தொடங்கினோம்.

சர்க்கரை இரைப்பையில் அதிக நேரம் தங்குவதில்லை. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலுக்குப் போய், அதன் சுவரைக் கடந்து ரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்த ரத்தம் நேராக இதயத்துக்குப் போய்விடாது. முதலில் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் ஒரு பங்கைக் கிளைக்கோஜனாகச் சேமித்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடும். அப்படியானால் உடல் முழுவதும் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கும்? வகுப்பில் இதைக் கேட்டால் ஒரு குவளை, அரை கிலோ என்றெல்லாம் பதில் வரும். நலமாக இருப்பவரின் ரத்தத்தில் மொத்தமாகவே 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுதான். கடையில் விற்கும் பானத்துக்கு, சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் தரக்குறியீட்டில் சர்க்கரையால் ‘டி’ கிடைத்திருந்தால், 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். 300 மில்லிலிட்டர் குடித்தால் 30 கிராமைத் தாண்டிவிடும். அத்தனையும் அந்த ஒரு தேக்கரண்டிக் கணக்கைக் கலைக்காமல் தசைக்கும் கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் போய்ச் சேர வேண்டும். சேர்த்துவைப்பது இன்சுலின்.

அது சுரக்கும் இடம் கணையம். கணையம் முழுவதும் சுரப்பதில்லை. அதற்குள் சிறுசிறு தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்கள் சுரக்கின்றன. லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் 1869இல் அவற்றை விவரித்தார். லத்தீன் மொழியில் தீவைக் குறிக்கும் ‘இன்சுலா’ என்ற சொல்லிலிருந்துதான் இன்சுலின் என்ற பெயரே வந்தது. இதைக் கேட்ட பிறகு அக்காவுக்கு அந்தச் சொல் மறக்கவில்லை.

இன்சுலின் போதாமல் போனாலோ, இருந்தும் தசை அதற்குச் செவிசாய்க்காமல் போனாலோ என்ன நடக்கும்? பாடத்தின் மையப் பகுதி இதுதான். இங்கே நிதானமாகப் போக வேண்டும். நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. உடலில் இருக்கும் ரத்தமே ஐந்து லிட்டர்தான் என்பதால், அதே நீர் திரும்பத் திரும்ப வடிகிறது. வடிந்ததோடு சர்க்கரையும் வெளியே வரும், நாளொன்றுக்குச் சுமார் 160 கிராம். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அதை வீணாக்காமல் ஏறக்குறைய முழுவதையும் மீட்டு ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆனால் அந்த மீட்புக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் குழாய்களால் ஈடுகொடுக்க முடியாது. மீட்க முடியாத சர்க்கரை சிறுநீரில் இறங்கும்.

இறங்கும் சர்க்கரை தனியாகப் போகாது. நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் கிண்ணத்தில் நீர் விட்டிருக்குமே, அதைச் சொன்னேன். உப்பு நீரை இழுக்கிறது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். நுண்குழாய்க்குள் தங்கிவிட்ட சர்க்கரையும் அப்படித்தான் நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்கிறது. சிறுநீர் பெருகும், உடல் வறளும், தாகம் எடுக்கும். தாகத்துக்கு மறுபடியும் இனிப்பான பானம்!

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். “எங்கள் பாட்டி இதை இனிப்பு நீர் என்பார். பெயரிலேயே இருக்கிறதே!” ஆம். மலாய்க்காரர்கள் ‘கென்சிங் மானிஸ்’ என்பதும் இனிப்பான சிறுநீர்தான். ‘நீரிழிவு’ என்ற நம் எழுத்து வழக்குச் சொல், நீர் இறங்கிப் போவதைச் சொல்கிறது. ஒரு பெயர் சர்க்கரையைப் பார்த்திருக்கிறது, மற்றது நீரைப் பார்த்திருக்கிறது. இரண்டும் ஒரே குழாயில் நடக்கிற கதை.

அன்று இரவு அவர் வீட்டுக்குப் போகும்போது சிறுகுடல், கல்லீரல், கணையம், கிளைக்கோஜன், சவ்வூடு பரவல் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. எதையும் மனப்பாடம் செய்யவில்லை. ஆங்கிலத்தில்தான் தேர்வு எழுத வேண்டும். ஆனால் முதலில் தமிழில் கதையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆங்கிலப் பெயரை ஒட்டுங்கள் என்று என் தமிழ் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். சர்க்கரை முடிந்தால் ஆக்சிஜனின் பின்னால் போங்கள், அதன் பிறகு ஒரு மிடறு நீரின் பின்னால். மூன்று பயணம் போனால் அறிமுகப் பாடத்தின் பெரும்பகுதியைச் சுற்றிவந்துவிடலாம்.

பாடநூல் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிரைகளை நீல நிறத்தில் வரைகிறார்கள். அடையாளத்துக்காகத்தான். அதைப் பார்த்து, உள்ளே ஓடும் ரத்தமே நீலம் என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. ஆயிரக்கணக்கான கைகளிலிருந்து ரத்தம் எடுத்திருக்கிறேன். சிரையில் வருவது கருஞ்சிவப்பு. சிறுநீரகம் எங்கே என்றால் இடுப்பைப் பிடித்துக் காட்டுவார்கள். அது இன்னும் மேலே, முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கிறது.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்காகவாவது இந்தப் பாடத்தை எடுக்கச் சொல்வேன். இங்கே ரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்கிறோம், இந்தியாவில் 100 மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறார்கள். தஞ்சாவூரில் இருக்கும் தங்கை தொலைபேசியில் “எனக்கு 140” என்றதும், “எனக்கு வெறும் 7.8தான்” என்று நிம்மதியடைந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். 7.8ஐ 18ஆல் பெருக்கினால் 140. இருவருக்கும் ஒரே அளவு.

இந்த அறிவு ஓரிடத்தில் நிற்கவும் வேண்டும். சிறுநீரகப் பாடம் முடிந்த வாரம், ஒரு மாணவர் தம் தாயாரின் மாத்திரையைத் தாமாகவே பாதியாகக் குறைத்துவிட்டார். சிறுநீரில் சர்க்கரை என்று அறிக்கையில் பார்த்துப் பயந்துவிட்டாராம். அந்த அம்மா சாப்பிட்டது எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையை மீட்கும் வாசலை அடைத்து, அதைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான் அந்த மருந்தின் வேலையே. பயணத்தின் வழி அவருக்குத் தெரிந்திருந்தது, மருந்து எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரியவில்லை. நல்லவேளையாக இரண்டு நாளில் என்னிடம் வந்து சொன்னார். அன்றே அவரை மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். நீங்கள் படிப்பது மருத்துவரிடம் நல்ல கேள்வி கேட்பதற்கு. மருந்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சேருமுன் வேதியியல் அடிப்படை தேவையா, ஆய்வக நேரம் உண்டா, மதிப்பெண் தேர்வா ஒப்படைப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வகம் உள்ள வகுப்பு கிடைத்தால், பயணம் தூரமானாலும் அதையே எடுங்கள். நுண்ணோக்கியில் சிவப்பணுவை ஒருமுறை பார்த்தவருக்கு அதன் கதை தனி.

அக்கா பாடத்தை விடவில்லை. அவருடைய அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பலதுறை மருந்தகத்துக்குப் போகுமுன் இரண்டு நாள் மட்டும் இனிப்பைத் தொடமாட்டார். அப்படியே பரிசோதனையைத் தாண்டிவிடலாம் என்று பல ஆண்டு நம்பிக்கை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அந்த நாள்களில் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும், எச்பிஏ1சி பரிசோதனை அளப்பது அதைத்தான் என்று அக்கா வீட்டில் விளக்கியிருக்கிறார். கடைசி ஒரு மாதத்தின் பங்கு கூடுதல் என்பதையும், ரத்தசோகையோ, தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடோ இருந்தால் அந்த எண் மாறலாம் என்பதையும் விடாமல் சொல்லியிருக்கிறார். பெரியவர் நீண்ட நேரம் பேசவில்லையாம்.

பிறகு கேட்டாராம், “அப்படியென்றால் தீபாவளிக்குச் சாப்பிட்டதும் அதில் தெரியுமா, அம்மா?”

“தெரியும், அப்பா.”

அவருடைய அடுத்த பரிசோதனை டிசம்பரில்.