அவுட்பேக் சிறு குழுப் பயணம்: முன்பணம் கட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கும்போது அடிலெய்டிலிருந்து வடக்கே, அவுட்பேக் எனப்படும் வறண்ட உள்நாட்டில், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர், ஊட்னடாட்டா தடம், காட்டி தாண்டா ஏரி (ஐர் ஏரி) என்று ஒரு வாரம் சுற்றிவர நினைக்கும் குடும்பங்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்ததாகச் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அந்த நிலத்தில் ஒரு பயணம் தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிப்பது கையிருப்புதான். மழை பெய்தாலோ, டயர் கிழிந்தாலோ, ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலோ அந்தக் குழுவிடம் எத்தனை நாள், எத்தனை லிட்டர், எத்தனை கிலோ மிச்சமாக இருக்கும்? விளம்பரத் தாளில் இது இருக்காது. கேட்டால்தான் சொல்வார்கள்.

"சிறு குழு" என்றால் எத்தனை பேர்?

இதற்குச் சட்டப்படியான வரையறை கிடையாது. ஆறு பேர் போவதும் சிறு குழுதான், பதினாறு பேர் போவதும் சிறு குழுதான். ஆஸ்திரேலியாவில் ஓட்டுநரையும் சேர்த்து 12 இருக்கைக்கு மேல் உள்ள வண்டியைச் சாதாரண கார் உரிமத்தில் ஓட்ட முடியாது. அதனால் வண்டியின் மொத்த இருக்கை எண்ணிக்கையையும் ஓட்டுநரின் உரிம வகையையும் கேட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது எடை. டொயோட்டா ட்ரூப் கேரியர் போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஆட்களையும் சேர்த்துத் தாங்கக்கூடியது ஏறத்தாழ ஒரு டன். ஓட்டுநரோடு ஏழு பேர், ஆளுக்கு 80 கிலோ என்றால் 560 கிலோ போய்விட்டது. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு 210 லிட்டர், அதாவது 210 கிலோ. துணிப் பை ஆளுக்கு 12 கிலோ வீதம் 84. ஸ்வாக் எனப்படும் சுருட்டுப் படுக்கை ஆளுக்கு 10 கிலோ வீதம் 70. ஆக 924 கிலோ. மீதி 80 கிலோகூட இல்லை. சாப்பாடு, குளிர்ப்பெட்டி, இரண்டாவது ஸ்டெப்னி, மண்வெட்டி, இழுவைப் பட்டை, முதலுதவிப் பெட்டி, கூடுதல் டீசல் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் அடங்காது. அப்போது முதலில் குறைவது தண்ணீர், ஏனென்றால் போகிற வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று மனசு சமாதானம் சொல்லும். வழியில் உள்ள ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கொதிநீராகவோ உப்பாகவோ இருக்கும், குடிக்க ஆகாது. ஏழு பேர், ஒரே வண்டி, இழுவைப் பெட்டியும் இல்லை என்று ஒரு நிறுவனம் சொன்னால், மேலே உள்ள கணக்கை அவர்களிடமே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் முழுவதும் ஒரே தொட்டியில் இருக்கக் கூடாது. கல்லடி பட்டு ஒரு குழாய் கழன்றால் நூறு லிட்டர் நீர் யாருக்கும் தெரியாமல் வழியெங்கும் சிந்திவிடும். குறைந்தது இரண்டு தனித்தனிக் கலன்களாவது வேண்டும்.

மழையும் மூடிய பாதையும்

வறண்ட நிலத்தில் மழைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று தோன்றும். மர்ரீ என்ற சிற்றூர்ப் பக்கம் ஆண்டு மழை ஏறத்தாழ 160 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தத் தடங்களின் மண் களிமண். பத்து மில்லிமீட்டர் மழை போதும். மேலே சோப்பு, உள்ளே பசை என்று ஆகிவிடும். அதில் ஓடும் கனரக வண்டி ஒவ்வொன்றும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் வெட்டிவிட்டுப் போகும், அது காய்ந்தால் கல்லாகிவிடும். அதனால்தான் மாநில அரசு பாதையை மூடுகிறது. மூடிய பாதையில் ஓட்டுவது தண்டனைக்குரிய குற்றம். வண்டிக் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். "எங்கள் ஓட்டுநர் எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்ப்பார்" என்று பெருமையாகச் சொல்கிற நிறுவனத்திடமிருந்து விலகி இருப்பது நல்லது.

வானம் நீலமாக இருக்கும்போதே பாதை மூடும், இது பலருக்குப் புரிவதில்லை. 2025 மார்ச் இறுதியில் மேற்கு குயின்ஸ்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. அந்த நீர் டயமன்டினா ஆறு, கூப்பர் ஓடை வழியாகத் தெற்கே இறங்கி வர வாரக்கணக்கில் ஆனது. சரிவே இல்லாத நிலத்தில் வெள்ளம் ஆள் நடக்கும் வேகத்தில்தான் வரும். மர்ரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை சுமார் 520 கிலோமீட்டர் தடத்தை கூப்பர் ஓடை குறுக்கே வெட்டுகிறது. மழை பெய்த இடம் ஒரு மாநிலம், மாதம் கழித்துச் சிக்கிக்கொள்வது இன்னொரு மாநிலம். ஏரி நிறைந்திருக்கும் ஆண்டில் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அதே ஆண்டில்தான் பாதைகளும் அறுந்திருக்கும் என்று எதிர்பாருங்கள்.

ஆகவே ஏழு நாள் பயணத்தில் ஒரு நாளாவது எந்த இடத்துக்கும் ஒதுக்காமல் இருக்க வேண்டும். நாள்தோறும் ஒரு ஊர், ஒவ்வொரு நாளும் 400 கிலோமீட்டர் என்று நெருக்கி அடைத்த அட்டவணை அச்சில் அழகாக இருக்கும். அதில் ஒரு நாள் பிந்தினால், பிந்தியதை ஈடுகட்ட ஓட்டுநர் இருட்டிய பிறகும் ஓட்டுவார். கங்காரு, எமு, வேலியில்லாத மாடுகள் எல்லாம் பாதைக்கு வருவது அந்திக்கும் விடியலுக்கும் இடையில்தான். கடைசி நாள் மாலையிலேயே விமானம் பதிவு செய்துவிட்டு வருகிற பயணிகளும் ஓட்டுநரை இதே நெருக்கடிக்குள் தள்ளுகிறார்கள். மறுநாள் விமானம் போடுங்கள்.

டயரும் மணலும்

தார்ச்சாலை முடிகிற இடத்தில் வழிகாட்டி வண்டியை நிறுத்தி டயரில் காற்றை இறக்குகிறாரா என்று பாருங்கள். தாரில் 36 முதல் 40 பி.எஸ்.ஐ. இருந்தால், சரளையில் 28 அளவுக்கு வரும், மணலில் 16 முதல் 18. காற்றழுத்தம் குறைந்தால் டயர் கூர்மையான கல்லின்மேல் வளைந்து கொடுக்கும், முழு அழுத்தத்தில் இருந்தால் கல் உள்ளே இறங்கும். கிப்பர் எனப்படும் செம்பழுப்புக் கற்பரப்பில் இந்த வித்தியாசம் ஒரு டயரின் விலை. காற்றை இறக்கிவிட்டு வேகத்தைக் குறைக்காவிட்டால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும், பக்கச்சுவர் கிழிசலுக்கு ஒட்டு போட முடியாது. சரளையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகிற குழு வண்டி அவசரத்தில் இருக்கிறது என்று பொருள். இரண்டு முழு ஸ்டெப்னி, காற்றடிக்கும் கம்ப்ரசர், பலகை போட்டு வைத்த ஜாக்கி ஆகிய மூன்றும் இல்லாமல் கிளம்பக் கூடாது. பலகை எதற்கு என்றால், மணலில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தான் புதைந்து போகும்.

சிம்ப்சன் பாலைவனம் தனி விஷயம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் வடமேற்கு, தென்கிழக்காக வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றின் கிழக்குச் சரிவு செங்குத்து. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போவது வண்டிக்கு எளிது. மேட்டின் உச்சியில் எதிர் வண்டி தெரியாது என்பதால் தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் கொடி கட்டுவது கட்டாயம். யு.எச்.எஃப். இருவழி வானொலியில் 10ஆம் சேனலில் "கிழக்கே போகிறோம், இரண்டு வண்டி" என்று அறிவித்துக்கொண்டே போக வேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை தெற்கு ஆஸ்திரேலியப் பக்கம் மூடியிருக்கும். ஒற்றை வண்டியில் கடக்க அழைத்துப்போகிற நிறுவனத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

வெயில், தகவல், மருத்துவம்

1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டாவில் 50.7 டிகிரி பதிவானது. நிறுவனங்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை போவதற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்த மாதங்களில் இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், சில இரவுகளில் அதற்கும் கீழே. தூக்கப் பையில் இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருக்கும்: ஒன்று வசதியாகத் தூங்கும் அளவு, மற்றது தாங்கக்கூடிய எல்லை. கடைக்காரர் இரண்டாவதைக் காட்டி விற்பார், நீங்கள் முதலாவதைப் பாருங்கள். பெற்றோருக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. இதில் விதிவிலக்கு தேடாதீர்கள். விமானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டியின் கூரை தெரியும், மனிதத் தலை தெரியாது. நிழலும் தண்ணீரும் வண்டியில்தான் இருக்கின்றன. அவுட்பேக்கில் உயிரிழந்தவர்கள் பலர், அருகில் ஊர் இருக்கும் என்று நம்பி நடந்து போனவர்கள்.

கைபேசி சிக்னல் ஊர்களைச் சுற்றி மட்டும்தான். குழுவிடம் செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்றும், 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பி.எல்.பி. எனப்படும் அபாய ஒலிபரப்பி ஒன்றும் இருக்க வேண்டும். பி.எல்.பி.யைப் பதிவு செய்வது இலவசம். பதிவில் உள்ள அவசரத் தொடர்பு எண் பழையதாக இருந்தால், கான்பெராவில் உள்ள மீட்பு மையம் யாரைக் கூப்பிட்டு விசாரிக்கும்? வழிகாட்டி ஒருவருக்கு மட்டுமே அதை இயக்கத் தெரிந்திருப்பதும் பயனில்லை. மயங்கி விழுந்தவர் அவரே என்றால்? முதல் நாள் காலையில் எல்லாரையும் நிறுத்தி, எங்கே இருக்கிறது, எதை அழுத்த வேண்டும் என்று காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

1928இல் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் இந்த நிலத்தின் உயிர்நாடி. அவர்களுடைய மருந்துப் பெட்டிகளில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண் இருக்கும். தொலைபேசியில் மருத்துவர் எண்ணைச் சொல்ல, இங்கே உள்ளவர் எடுத்துக் கொடுப்பார். ஆனால் விமானம் இறங்க ஓடுதளம் வேண்டும், ஓடுதளம் மழையில் ஊறியிருந்தால் காத்திருக்க வேண்டும். வருகையாளர் விசாவில் வந்த பெற்றோரின் பயணக் காப்பீட்டில் விமானவழி வெளியேற்றம் அடங்குமா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்களை ஏற்றிருக்கிறார்களா என்று இரண்டையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துகளில் கவனிக்க வேண்டியது இன்சுலின். மதிய வெயிலில் மூடிய வண்டிக்குள் கெட்டுப்போகும், குளிர்ப்பெட்டியின் பனித்தட்டை ஒட்டி வைத்தால் உறைந்தும் கெட்டுப்போகும். இரண்டாவதைப் பலர் நினைப்பதில்லை. துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள், பாதியைக் கைப்பையில் தனியாக வையுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும். வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் அம்மாக்களின் பழக்கம். முதல் நாளே வழிகாட்டி, புதருக்குப் பின்னால் போவது எப்படி, குழி எவ்வளவு ஆழம் (15 முதல் 20 சென்டிமீட்டர்), நீர்நிலையிலிருந்து எவ்வளவு தள்ளி (100 மீட்டர்) என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பாம்பைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. குளிர்காலத்தில் அவை குறைவாகவே நடமாடும். இருந்தாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள இழுபடும் கட்டுத்துணி குறைந்தது மூன்று இருக்க வேண்டும். கடிபட்டவர் அங்கேயே படுக்க வேண்டும். கடிவாயின் மேல் ஒரு கட்டு, பிறகு விரலிலிருந்து தொடங்கித் தொடை இடுக்கு அல்லது அக்குள் வரை அந்தக் கை காலை முழுவதுமாகச் சுற்றிக் கட்டு, கால் சுளுக்குக்குக் கட்டும் இறுக்கத்தில். உடையைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே கட்டலாம். பிறகு குச்சி வைத்து அசையாமல் பிணைக்க வேண்டும். கடித்த இடத்தைக் கட்டின்மேல் பேனாவால் குறித்து, நேரம் எழுதுங்கள். கழுவக் கூடாது, கீறக் கூடாது, கயிறு கட்டக் கூடாது. வண்டி அவரிடம் வர வேண்டும், அவர் வண்டிக்கு நடக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் விரியன்கள் இல்லை, இங்குள்ள கொடிய நிலப்பாம்புகள் நாகத்தின் குடும்பம். அதனால்தான் இந்த முறை பொருந்துகிறது. ஊரில் கண்ணாடி விரியன் கடிக்கு இதைச் செய்யாதீர்கள், அங்கே நஞ்சு தேங்கும் இடத்தில் சதை அழுகும்.

ஊற்று, ஏரி, வேலிக்கதவு

மர்ரீக்கும் வில்லியம் க்ரீக்குக்கும் இடையே வாப்மா கடார்பு பூங்காவில் பப்ளர் என்ற மண்மேட்டு ஊற்று இருக்கிறது. பெரும் ஆர்ட்டீசியன் படுகையிலிருந்து, அதாவது ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கு அடியில் கிடக்கும் நீரிலிருந்து, கொப்பளித்து மேலே வருகிறது. நீரில் கரைந்த கனிமங்கள் படிந்து படிந்துதான் அந்த மேடே உருவானது. மரப்பாதையைவிட்டு இறங்கி ஒரு கால்தடம் வைத்தால் ஓரம் நொறுங்கும். வடக்கே விட்ஜிரா பூங்காவின் டல்ஹவுசி ஊற்றில் வெந்நீரில் நீந்தலாம். ஆனால் அங்கு மட்டுமே வாழும் மீன் இனங்கள் உண்டு, சன்ஸ்கிரீனும் சோப்பும் போட்ட உடம்போடு இறங்காதீர்கள். குளித்துவிட்டுப் பூசிக்கொள்ளுங்கள்.

காட்டி தாண்டா அராபனா மக்களின் நிலம், 2012 முதல் அவர்களின் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. அவர்களுக்கு அது புனிதத் தலம். ஏரிப் படுகையில் வண்டி ஏற்றக் கூடாது, அனுமதியின்றி நடக்கவும் நீந்தவும் கூடாது. உப்புப் பொருக்குக்கு அடியில் சேறு என்பதால் அது பாதுகாப்பும் அல்ல. நீர் விரிந்திருப்பதைப் பார்க்க வில்லியம் க்ரீக்கிலிருந்து சிறு விமானத்தில் போவதுதான் சரியான வழி. கரையில் நின்றால் பல ஆண்டுகளில் உப்பு மட்டுமே தெரியும். விமானக் கட்டணம் பயண விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேராது.

பறவை பார்க்கப் போகிறவர்கள் கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடும் வழிகாட்டியை ஊக்குவிக்காதீர்கள். வறண்ட காலத்தில் கூட்டைவிட்டுப் பறந்து வரும் ஒவ்வொரு முறையும் பறவைக்குச் சக்திச் செலவு.

மாட்டுப் பண்ணை நிலத்தில் வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் கால்நடைத் தொட்டியிலிருந்து 500 மீட்டருக்குள் முகாம் போடக் கூடாது. ஆள் இருந்தால் மாடுகள் நீர் குடிக்க வராது, வெயிலில் நீர் தவறினால் செத்துவிடக்கூடும். பேசின நிறுவனத்துக்கு இந்தத் தூரம் தெரியுமா என்று சும்மா கேட்டுப் பாருங்கள். கூடவே, பாதை மூடினால் மாற்றுத் திட்டம் என்ன, பணம் திரும்புமா அல்லது வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதையும் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.